மைதா போடாத சால்னா

சால்னா எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்று சங்கிலி மாஸ்டருக்குச் சொல்லித்தர ராஜபாளையத்தில் இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. கரண்டியில் மொண்டு சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடவும் கூடாது, களி மாதிரி நிற்கவும் கூடாது, பிய்த்துப் போட்ட பரோட்டாவுக்குள் இறங்கிவிட்டு மேலேயும் கொஞ்சம் தங்க வேண்டும். அது இருபத்திரண்டு வருஷத்துக் கைக்குத் தெரியும், கைக்குத் தெரிந்தது மண்டைக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை என்பது அவர் கட்சி. இன்றைக்குச் சட்டிதான் கொஞ்சம் அவமானமாக இருந்தது. பெரிய அண்டாவில் கரண்டி போட்ட மனுஷன், பொம்மைக் கல்யாணத்துக்குச் சமைக்கிறவர் மாதிரி ஒரு கைப்பிடிச் சட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறார், அதுவும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சாயங்காலம் ஐந்துக்குத் திறக்கிற கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. நிற்கட்டும், யார் பார்க்கிறார்கள். பார்ப்பது இரண்டே பேர், முதல் பெஞ்சில் பெண்டாட்டி பேச்சியம்மாள், அவள் மேல் சாய்ந்துகொண்டு ஒன்பது வயது மகள் கனிஷ்கா. அடுப்பில் கோழிக்கால் சாறு. காலை ஆறு மணியிலிருந்து முப்பது கோழிக்கால் வெந்து, தோலும் நரம்பும் கரைந்து, தொட்ட விரலை விரலோடு சேர்த்தால் ஒட்டிக்கொள்கிற சாறு. மைதா கிடையாது, பொட்டுக்கடலை கிடையாது, சோளமாவு கிடையாது. இதெல்லாம் இல்லாமல் சால்னா கெட்டியாகுமா என்று மூன்று மாதத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் மாஸ்டரே சிரித்திருப்பார். இப்போது சிரிக்கவில்லை. ஆகும், ஆக்கிக் காட்டுகிறேன் பார் என்று அடுப்பைக் குறைத்தார்.

ஆக்கித்தான் தீர வேண்டும். கனிஷ்காவுக்கு வலிப்பு. ஆறு வயதில் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தபோது முதல் தடவை வந்தது, கூப்பிய கையோடு பிள்ளை கீழே விழுந்தாள் என்று டீச்சர் சொன்னார், அவர் நேரில் பார்க்காத அந்தக் கூப்பிய கைதான் இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் நிற்கிறது. பிறகு கண் சொருகிச் சொருகி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. மாத்திரை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியது, பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிந்தாள், தெரிந்த எழுத்தையே மறந்தாள். அப்பா, ழ எப்படிப்பா போடுறது என்று கேட்டாள், போட்டுக் காட்டினார், மறுநாளும் அதையே கேட்டாள், அன்றைக்கு அவர் வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்துக் குடிக்காமலே நின்றார். மதுரை டாக்டர்தான் இந்தச் சாப்பாட்டை ஆரம்பித்து வைத்தார். நெய், முட்டை, தேங்காய், கறி. மாவுச்சத்து நாளைக்குப் பத்துக் கிராம், அதற்குமேல் கிடையாது, எல்லாம் எடை போட்டு. சொன்னது யாரிடம், தினம் இருபத்தைந்து கிலோ மைதாவைப் பிசைகிற ஆளிடம். ஆனால் மூன்றாவது வாரம் வலிப்பு நின்றது. நின்றே விட்டது. ஒரு மாத்திரை குறைந்தது, பிள்ளை ழ போட்டாள். அப்புறம் ஒரு நாள் அவருடைய தங்கச்சி வந்தவள், எலும்பும் தோலுமா கெடக்காளே என்று மனசு கேட்காமல் நாலு வர்க்கியை டீயில் நனைத்து ஊட்டிவிட்டுப் போனாள், பாசத்தில்தான், மறுநாள் விடியற்காலை இரண்டு தடவை வந்தது. வீட்டிலிருந்த மாவு டப்பாவையெல்லாம் பேச்சி அன்றைக்கே தூக்கி வெளியே எறிந்தாள். அன்றிலிருந்து இருபத்தாறு நாள், ஒன்றும் வரவில்லை. வராமல் இருக்கிறது, ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். நாலு நாளாக வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள், திணித்தால் துப்புகிறாள், துப்பாமல் விழுங்கியதை வாந்தி எடுக்கிறாள். நேற்று டயட்டீஷியன் ஷீபா மேடம் போனில் நிதானமாகத்தான் சொன்னார், திங்கக்கிழமை வரைக்கும் பாருங்கண்ணே, அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலன்னா இதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு, பழையபடி மாத்திரையத்தான் ஏத்தணும். ஏத்தணும் என்ற சொல் அவருக்குள் போய் எங்கோ உட்கார்ந்துகொண்டது.

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் சமைத்துப் போட்டதைத் தின்றவர்களுக்குத்தான் அது தெரியும். சால்னா கெட்டியாக என்னென்ன போடலாம் என்று ஷீபா மேடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார், வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இசப்கோல் உமியைப் போட்டார், கெட்டியானது, ஆனால் கரண்டியோடு நூல் இழுத்தது, சளி என்று துப்பினாள். பாதாமை அரைத்துப் போட்டார், மணல் என்றாள். காலிஃபிளவரை வேகவைத்து மசித்துக் கலந்தார், பரவாயில்லையே என்று அவரே தன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தபோது முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். முட்டை மஞ்சள்கருவைக் கொதிக்கிற சட்டியில் நேராக ஊற்றினார், அது திரிந்து பொடிமாஸாகி மஞ்சள் மஞ்சளாக மிதந்தது, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெட்கக்கேட்டை அவர் செய்ததில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நேற்றுச் சொன்னாள், இது நம்ம சால்னாவே இல்லப்பா, எனக்குக் கடை சால்னாதான் வேணும். கடையில வச்சு ஆக்கித் தந்தாத் தின்னுவியா. தின்னுவேன். ஒரே ஒரு சொல்தான், நாலு நாளில் அவள் தானாக வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டு அவர் ராத்திரியே கடை முதலாளி அண்ணாச்சியிடம் சாவி கேட்டுப் போய் நின்றார். சாவி என்ன மாஸ்டர், கடையே உங்களுதுதான என்றார் அண்ணாச்சி. சம்பளத்தை ஏற்றிக் கேட்டால் மட்டும் கடை மறுபடியும் அவருடையதாகிவிடும், அது வேறு கதை.

சாறு சுண்டியது. பட்டையும் கல்பாசியும் சோம்பும் எண்ணெயில் பொரிந்து சாற்றில் இறங்கி, கடை சாயங்காலம் வாசனை வீசுகிற மாதிரி காலையிலேயே வீசியது, தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் குனிந்து ஷட்டருக்கு உள்ளே பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டு கிராம் சின்ன வெங்காயம், பத்துக் கிராம் தக்காளி, நகைக்கடைக்காரன் மாதிரி நிறுத்துப் போட்டது. சாற்றில் பாதியைத் தனியே எடுத்து மூடி வைத்திருந்தார், எதைச் செய்தாலும் பாதியைக் கையிருப்பில் வைப்பது மாஸ்டர் புத்தி. இன்றைக்கு அவருக்குச் சந்தேகமே இல்லை. கோழிக்கால் அடிக் கெட்டியைக் கொடுக்கும், தேங்காய்ப்பால் உடம்பைக் கொடுக்கும், மேல் கெட்டி மஞ்சள்கருவில். அதைக் கொதியில் காட்டக் கூடாது, கிண்ணத்தில் அடித்து, வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புது மருமகளைப் புகுந்த வீட்டுக்குப் பழக்குவதுபோல் சூட்டுக்குப் பழக்கிவிட்டு, அடுப்பை அடக்கிய பிறகு சட்டியில் சேர்க்க வேண்டும், இது காகிதத்தில் இல்லை, மூன்று நாள் யோசித்து அவரே கண்டுபிடித்தது. இடது கை கிண்ட, வலது கை கிண்ணத்தைச் சாய்த்தது. அப்போது கனிஷ்கா கூப்பிட்டாள். அப்பா, அந்த மாவெல்லாம் ஏன் துணியப் போத்திப் படுத்திருக்கு. சாயங்காலத்துக்காக ஒன்பது மணிக்கே பிசைந்து வைத்த மாவு ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது. அதுக்கு ராத்திரி டூட்டிம்மா, இப்பத் தூங்குது என்றார். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது மேல் பல் ஒன்று விழுந்த இடம் தெரிந்தது, அது எப்போது விழுந்தது, எனக்குச் சொல்லவே இல்லையே, சொன்னார்களோ, அவர் திரும்பியபடியே அந்தப் பல்லில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார், கைகள் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தன. மறுபடி சட்டியைப் பார்த்தபோது சால்னா கெட்டியாகியிருந்தது. கெட்டி என்றால் அப்படி ஒரு கெட்டி, கரண்டியின் முதுகில் பூசினாற்போல் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கிற கெட்டி. அப்படிப் போடு என்று சொல்ல வாயெடுத்தவர் வலது கையைப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளை.

மைதாச் சட்டி வலது பக்கத்தில்தான் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருக்கும். ஏழரை மணிக்குக் கூட்டம் ஏறி, அண்டா அடி தெரிந்து, வெந்நீரை ஊற்றிச் சால்னா நீர்த்துப்போகும்போது வலது கை போய் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் சலித்துத் தூவும், இடது கை கிண்டும், கட்டி தட்டாது, கண்டுபிடிக்க ஆள் கிடையாது. இப்போது வந்தது கோழிக்காலும் கருவும் கொடுத்த கெட்டியா, இல்லை அந்தப் பிடியா. சே, என்ன நினைப்பு இது. விரலில் இருப்பது மேஜை விளிம்பில் ஒட்டியதாக இருக்கும், இந்தக் கடையில் வெள்ளை எங்கேதான் இல்லை, காலண்டர் முருகன் முகத்திலேயே படிந்திருக்கிறது. துளி தூள் ஒட்டுனா ஒண்ணும் ஆகாதுண்ணே, கைப்பிடிதான் போகக் கூடாது என்று மேடமே சொல்லியிருக்கிறார். கைப்பிடி. எட்டிப் பார்த்தார். மாவின்மேல் நாலு விரல் தடம். காலையில் அள்ளிய தடம் அது, பிசையும்போது அள்ளியது. பிசைய மூட்டையிலிருந்துதானே அள்ளினோம். ஆமாம், மூட்டையிலிருந்து, அப்புறம் கையில் ஒட்டாமல் இருக்க இதிலிருந்து கொஞ்சம், அள்ளியிருப்போம், அள்ளாமல் எப்படி. காலையிலேயே பேச்சி கேட்டாள், அந்தச் சட்டியத் தூக்கி அங்கிட்டு வச்சிரலாமாங்க. இருபத்திரண்டு வருஷத்துக் கை, அதுக்குத் தெரியாதா எது எங்க போகணும்னு என்று அவர் எவ்வளவு மிதப்பாகச் சொன்னார். கைக்குத் தெரியும். தெரிந்ததுதான் இப்போது பயமாக இருந்தது. தூக்கத்துல உங்க கை வீச்சுப் பரோட்டா வீசுது, என் தோளப் பிடிச்சு ரெண்டு அடி அடிச்சுப் பெறட்டிப் போடப் பாக்குது என்று பேச்சி சொல்லி ஊரே சிரித்திருக்கிறது, அவரும் சிரித்திருக்கிறார். நான் போடவில்லை. போட்டிருந்தால் ஞாபகம் இருக்காதா. சரி, நேற்று ஏழரை மணிக்குப் போட்டோமே, அதை நினைத்துப் பார்ப்போம். நேற்று ஒருத்தர் ஆம்லேட்டில் வெங்காயம் வேண்டாம் என்றது ஞாபகம் இருந்தது, கரண்டு போய் வந்தது ஞாபகம் இருந்தது, மைதா அள்ளியது ஞாபகம் இல்லை. முந்தாநாள். இல்லை. போன தீபாவளி, கடை வாசலில் நாற்பது பேர் நின்றார்களே, அன்றைக்கு மூன்று தடவையாவது போட்டிருக்க வேண்டும். இல்லை. எத்தனை ஆயிரம் பிடி, ஒரு பிடிகூட மண்டையில் இல்லை. போட்டதே ஞாபகம் இல்லாதவனுக்குப் போடாதது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்.

அந்த இடத்தில் நினைப்பு சிக்கி, இழுக்க இழுக்க இறுகியது. நாக்கு இருக்கிறதே என்று தோன்றியதும் கொஞ்சம் மூச்சு வந்தது, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினார். மைதா போட்டால் எத்தனை கொதி வந்தாலும் நாக்கின் நடுவில் ஒரு பச்சை மாவு வாடை நிற்கும். நிற்கவில்லை. தேங்காய் வந்தது, கல்பாசி வந்தது, கடைசியில் கருவின் வழவழப்பு வந்தது, அட, இந்த மாதிரி ஒரு சால்னாவை அண்டாவிலேயே அவர் வைத்ததில்லை. இல்லை என்றது நாக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இல்லை. அந்த மீதி ஒன்றுக்கு ஒரு முகம் இருந்தது, விடியற்காலை, பாயில், கண் மேலே போய், கால் மட்டும் தனியாக உதறிக்கொண்டு. ஒரு பிடி மைதா முப்பது கிராம் வரும், பாதிச் சால்னாவைத் தின்றாலும் இன்றைக்கு உண்டான மாவுச்சத்து அதிலேயே முடிந்துவிடும். கொட்டலாம். கொட்டினால் மறுபடி ஆக்கப் பத்து நிமிஷம் வேண்டும், அந்தப் பத்து நிமிஷத்தில் சிரித்த பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், போதும் வீட்டுக்குப் போவோம் என்றால், இனி எந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவது, திங்கட்கிழமை இதோ நிற்கிறது. கொட்டாமல் கொடுத்தால் தின்பாள், இப்போதே தின்பாள், வாசனைக்கே அவள் மூக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தொண்ணூற்றொன்பது. உலகத்தில் எதற்குத்தான் தொண்ணூற்றொன்பது கிடைக்கிறது, பஸ்ஸில் ஏறி உட்காருகிறவனுக்குக் கிடைக்கிறதா. ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவன் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறான், இங்கே வைப்பது அவளுடையதை. பயமாக இருந்தது. சங்கிலி மாஸ்டருக்குத் தன் கையைக் கண்டு பயமாக இருந்தது, அதை மூடி மறைப்பானேன். சட்டியைப் பிடிதுணியால் தூக்கினார், பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் நடந்தார், அந்த நாலடி நடக்கும்போதும் வாசனை மேலே வந்து வேண்டாம்யா என்றது, கவிழ்த்தார்.

"என்னங்க, திரிஞ்சிருச்சா?" என்று பேச்சி எழுந்து வந்தாள்.

"இல்ல."

"மைதா எதுவும் விழுந்திருச்சா?"

"விழல."

"பெறகு எதுக்குக் கொட்டுனீங்க?"

"விழலன்னு சொல்றது என் நாக்கு. அதுவும் இந்தக் கடையில வேல பாக்குற நாக்குதான."

நான் காலையிலேயே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம், கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைச் சொல்லும் ஒரு வாய்ப்பையும் அவள் விட்டதில்லை. இன்றைக்கு விட்டாள். மைதாச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து, முந்தானையை எடுத்து அதன்மேல் போர்த்திக்கொண்டாள். எங்கப்பா சால்னா என்றாள் கனிஷ்கா. பத்து நிமிஷம்டா. பத்தா. ஒம்பது. உதடு லேசாக இறுகியது, அதைப் பார்க்காத மாதிரி அவர் திரும்பிக்கொண்டார். மூடி வைத்த பாதிச் சாறு, மிச்சத் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை. மனசு ஒருவிதமாகத் தெளிந்திருந்தது, இனி நினைக்க ஒன்றும் இல்லை, செய்ய மட்டும்தான் இருக்கிறது, செய்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சாறு சூடேறியது. கருவை அடித்தார், சொட்டுச் சொட்டாகப் பாலை விட்டார், அடுப்பை அடக்கினார், கிண்ணத்தைச் சட்டியில் சாய்த்துவிட்டுக் கீழே வைத்தார். யாரும் கூப்பிடவில்லை, அவரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. சட்டியின் ஓரத்தில் ஒரு குமிழ் வந்து உடைந்தது. அப்போது பார்த்தார். அவருடைய வலது கை, அவர் ஒன்றுமே சொல்லாமல், வலது பக்கம் போனது. மைதாச் சட்டி இருந்த இடத்தில் இறங்கி, வெறும் மேஜையில் நாலு விரலையும் குவித்து ஒரு பிடி அள்ளியது, அள்ளிக்கொண்டு சால்னாவுக்கு மேலே வந்து, விரல்களை ஒன்றோடொன்று உரசி, இல்லாத மாவைத் தூவியது. ஒழுங்காகத் தூவியது, கட்டி தட்டாமல். தூவி முடித்துவிட்டுச் சும்மா பக்கத்தில் தொங்கியது. வெடுக்கென்று திரும்பினார். பேச்சி பார்த்திருந்தாள். மடியிலிருந்த சட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். முதல் தடவையும் இது போயிருக்குமா. போயிருக்கலாம், மேஜையை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம், இனி அது சாக்கடைக்குத்தான் தெரியும். இடது கை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தது, சால்னா மெல்ல மெல்லக் கனத்து, கரண்டியைப் பிடித்து, மைதா இல்லாமல், பொட்டுக்கடலை இல்லாமல், அவர் கண் முன்னாலேயே பதத்துக்கு வந்தது.

பரோட்டாவுக்குப் பதிலாக முட்டையை, வீட்டிலிருந்து கொண்டுவந்த தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றி, நெய் விட்டு, வீச்சு மடிக்கிற மாதிரி மடித்து எடுத்துப் பிய்த்துப் போட்டார். தட்டைத் தராசில் வைத்துச் சால்னாவை ஊற்றினார், கடைசி இரண்டு கிராமைக் கரண்டி நுனியால். கனிஷ்கா முதல் வாயை எடுத்தபோது அவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். துப்பும் சத்தம் வருகிறதா என்று காது அங்கேயே இருந்தது. வரவில்லை. தெருவில் ஒரு பஸ் போனது. ரொம்ப நேரம் கழித்து, அல்லது அவருக்கு அப்படிப் பட்டது, அப்பா என்று கூப்பிட்டாள். திரும்பினார். தட்டில் ஒரு துண்டு இல்லை. மூக்கு நுனி வரைக்கும் சால்னா.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துப்பா."

பரோட்டாக் கடையில் சால்னாவுக்கு அளவு கிடையாது. வாளியோடு ஆள் நிற்க வேண்டும், கேட்கக் கேட்க ஊற்ற வேண்டும், கேட்டவனுக்குச் சால்னா இல்லை என்று சொன்ன கடையை அன்றைக்கே பூட்டிவிடலாம். அந்தச் சொல்லைச் சங்கிலி மாஸ்டர் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, குடித்துவிட்டு வந்தவனிடம்கூட. சட்டியில் இன்னும் ஐந்தாறு கரண்டி இருந்தது. வலது கை அதற்குள் கரண்டியை எடுத்துவிட்டிருந்தது, அதன் மணிக்கட்டை இடது கையால் பிடித்து நிறுத்தினார்.

"இல்லடா. இப்போதைக்கு இவ்வளவுதான்."

"கொஞ்சம்ப்பா."

"சாயங்காலம் இதே சால்னா. இப்ப இல்ல."

அவள் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு தட்டைத் தூக்கி வழித்து நக்க ஆரம்பித்தாள். கேட்ட ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்த கையை விடாமல், ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக நின்றதை அந்தக் கடை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.